டெபாசிட் மேல் ஏறிய கடன்கள்: ஒரு வங்கிக் கிளை மோசடியின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் வங்கி, கிளை, ஆட்கள் எவருக்கும் பெயர் தரப்படவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய தொகைகளும் தேதிகளும் விடப்பட்டுள்ளன. நடந்தவை, எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள் எல்லாம், நானும் இடம்பெற்றிருந்த வங்கியின் உள் விசாரணைக் குழு பார்த்தபடி வரிசையாக எழுதப்பட்டுள்ளன. கிளைகளில் வேலை செய்கிறவர்களையும் தணிக்கைக்குப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது.

பின்னணி

நடுத்தர அளவுள்ள கிளை. டெபாசிட் அதிகம், கடன் குறைவு. வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் ஓய்வு பெற்றவர்கள். டெபாசிட் முதிர்ந்தால் அப்படியே புதுப்பித்துவிட்டுப் போகிறவர்கள். டெபாசிட் பிரிவைப் பல ஆண்டுகளாக ஒரே அதிகாரி பார்த்து வந்தார். சுழற்சி முறையில் பணி மாற்ற வேண்டும் என்ற விதி இருந்தது. ஒவ்வொரு முறை அவர் பெயர் பட்டியலில் வரும்போதும் "இவரை எடுத்துவிட்டால் டெபாசிட் எல்லாம் வெளியே போய்விடும்" என்று கிளை எழுதிக் கேட்டு, அவரை அங்கேயே வைத்துக்கொண்டது. வேகமாக வேலை செய்வார், பணிவாகப் பேசுவார், காலையில் முதல் ஆளாக வந்து மாலையில் கடைசி ஆளாகப் போவார். வயதானவர்கள் டோக்கன்கூட எடுக்காமல் நேராக அவர் மேசைக்குத்தான் போவார்கள். சிலர் டெபாசிட் ரசீதையே அவரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

மோசடி நடந்த இடம் டெபாசிட் கடன். டெபாசிட்டை முறிக்காமல், அதன் மதிப்பில் ஒரு பங்கு வரை கடன் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. வங்கிக்கு இதைவிடப் பாதுகாப்பான கடன் கிடையாது. கடன் திரும்பவில்லை என்றால் டெபாசிட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதனால் வருமானச் சான்று கேட்பதில்லை, நேரில் விசாரிப்பதில்லை. ஒரு வரம்புக்குக் கீழே மேலாளரின் ஒப்புதல்கூட வேண்டாம். ஒரு அதிகாரி பதிவு செய்து இன்னொருவர் சரிபார்த்து அனுமதித்தால் போதும். வங்கியின் இடர் பட்டியலில் இந்தக் கடன் கடைசி வரியில் இருந்தது.

இந்த வழக்கு முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போது அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பட்டியல் போட்டவர்கள், வங்கியின் பணம் திரும்பி வருமா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். டெபாசிட் போட்டவரின் பணத்துக்கு வங்கியின் மேசையிலிருந்தே ஆபத்து வரக்கூடும் என்ற கேள்வி அதில் எங்குமே இல்லை. பாதுகாப்பான கடன் என்று எழுதிவிட்டதால் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டாய விடுப்பு

முக்கியமான பொறுப்பில் இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடர்ந்து சில நாள் வேலையை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பது வங்கித் துறையில் பழைய ஏற்பாடு. அமெரிக்க மேற்பார்வை அமைப்புகள் தொடர்ந்து இரண்டு வாரம் என்று பரிந்துரைக்கின்றன. இந்திய ரிசர்வ் வங்கி 2021-ல், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரே தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாள் என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அனுபவத்திலிருந்து வந்த விதி இது. டைவா வங்கியின் நியூயார்க் கிளையில் ஒருவர் பத்தாண்டுக்கு மேல் மறைத்து வைத்திருந்த 110 கோடி டாலர் நஷ்டம் 1995-ல் வெளியே வந்தது. அதுவும் அவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டதால். பத்திரங்களை வாங்கி விற்பதும் அதற்குக் கணக்கு வைப்பதும் அவர் கையிலேயே இருந்தன. 2008 ஜனவரியில் சொசியெட்டே ஜெனெரால் வங்கியில் 490 கோடி யூரோ நஷ்டத்தோடு சிக்கிய வர்த்தகர், அதற்கு முந்தைய ஆண்டில் விடுப்பு எடுத்த நாள்கள் மிகச் சில. 2018-ல் வெளிப்பட்ட பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியும், பொறுப்பில் இருந்த அதிகாரி ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு வந்தவர், கடன் உத்தரவாதம் கேட்டு வந்த நிறுவனங்களிடம் வழக்கப்படி ஈட்டுத் தொகை கேட்டபோதுதான் அவிழத் தொடங்கியது.

இந்தக் கிளையிலும் விதி காகிதத்தில் சரியாகவே இருந்தது. டெபாசிட் அதிகாரி ஒவ்வொரு ஆண்டும் விடுப்பு எடுத்ததாகப் பதிவேடு சொன்னது. உள்நுழைவுப் பதிவுகளைப் பார்த்தபோது வேறு கதை. விடுப்பு நாள்களிலும் அவருடைய யூசர் ஐடி கணினியில் வேலை செய்திருக்கிறது. "அவசரம், வந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்" என்று கிளையில் நன்றியோடு சொன்னார்கள்.

அந்த ஆண்டு ஒரே ஒரு மாற்றம். விடுப்புப் பட்டியலைக் கிளை தயாரிக்காமல் மண்டல அலுவலகமே தயாரித்தது. விடுப்பு தொடங்கும் நாளில் யூசர் ஐடி தானாக முடங்கும்படி செய்தார்கள். இவரைக் குறிவைத்து யாரும் செய்யவில்லை. எல்லாக் கிளைகளுக்கும் ஒரே உத்தரவு. அவருக்குப் பதிலாக வேறு கிளையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார்.

முதலில் தெரிந்தது

விடுப்பின் முதல் வாரத்திலேயே ஒரு முதிய தம்பதி வந்தார்கள். சிகிச்சைச் செலவுக்காக டெபாசிட்டை முன்கூட்டியே முடித்துத் தரும்படி கேட்டார்கள். மாற்று அதிகாரி கணக்கைத் திறந்தார். டெபாசிட் மேல் லியன், அதாவது கடன் தீரும்வரை பணத்தை எடுக்க முடியாதபடி வங்கி வைக்கும் பிடிமானம், போடப்பட்டிருந்தது. அதன் பேரில் இரண்டு கடன்கள், இரண்டும் மேலாளர் ஒப்புதல் தேவைப்படாத வரம்புக்குச் சற்றுக் கீழே. "கடன் வாங்கியிருக்கீங்களே?" என்று கேட்டபோது இருவரும் திகைத்தார்கள். கடன் என்ற சொல்லே அவர்களுக்கு அவமானமாக இருந்தது. "நாங்க யார்கிட்டயும் கைநீட்டினது கிடையாதும்மா" என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னதாக மாற்று அதிகாரி தன் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறார்.

மேலாளர் சொன்னது இயல்பான யோசனை: விடுப்பில் இருப்பவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். மாற்று அதிகாரி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அன்று காலை மட்டும் அந்த அதிகாரி இரண்டு முறை கிளைக்குப் போன் செய்து, யார் யார் வந்தார்கள் என்று விசாரித்திருந்தார். அவசரம் என்று யாராவது வந்தால் தான் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள் என்றும் சொல்லியிருந்தார். அந்தக் கேள்வி இவருக்கு உறுத்தலாக இருந்திருக்கிறது. போன் போட்டிருந்தால் ஒரு விளக்கம் வந்திருக்கும், மாலைக்குள் பணமும் வந்திருக்கும், கடன் முடிந்து எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிந்திருக்கும். அவர் கணக்கின் முழு விவரத்தையும் அச்செடுத்து, மேலாளரிடம் சொல்லிவிட்டே நேராக ஆய்வுத் துறைக்குத் தெரிவித்தார். விசாரணை கெடாமல் தப்பியது இந்த ஒரு முடிவால்தான்.

முதல் இரண்டு நாளில் எடுத்த முடிவுகள்

தம்பதிக்கு அன்றே முழுத் தொகையும் கொடுக்கப்பட்டது. கடன் கணக்கில் பாக்கி இருக்கும்போது டெபாசிட்டை எப்படி விடுவிப்பது என்று கேள்வி எழுந்தது. மண்டல அலுவலகத்தின் அனுமதியோடு சஸ்பென்ஸ் கணக்கிலிருந்து, அதாவது தீர்வாகாத தொகைகளை வங்கி தற்காலிகமாக எழுதி வைக்கும் கணக்கிலிருந்து, கடனை முடித்தோம். விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சிகிச்சைக்குப் பணம் கேட்டு நிற்பவரிடம் உங்கள் பணம் விசாரணையில் இருக்கிறது என்று சொல்ல வங்கிக்கு எந்த உரிமையும் இல்லை என்பது குழுவின் நிலை. கையெழுத்தை மேலோட்டமாகப் பார்த்தாலே பொருந்தவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் சுமையை வாடிக்கையாளர்மேல் வைப்பது நியாயமில்லை.

அடுத்து, அதிகாரியை உடனே கூப்பிடாமல் ஆதாரங்களைப் பத்திரப்படுத்தினோம். கேமராப் பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாக அழிந்துவிடும். அதை முதலில் நகலெடுத்தோம். அப்புறம் உள்நுழைவுப் பதிவுகள், வவுச்சர் கட்டுகள், டெபாசிட் கடன் விண்ணப்பங்கள். விண்ணப்பங்களின் மூலப்படிகளைக் கிளையிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தோம். இந்த வரிசை மாறினால் விசாரணை திணறும். முதலில் ஆளைக் கேட்டுவிட்டு அப்புறம் காகிதத்தைத் தேடினால், காகிதம் இருக்காது.

மூன்றாவது முடிவில்தான் வாக்குவாதம் அதிகம். விஷயம் கசிந்து, அதிகாரியின் உறவினர் ஒருவர் மேலாளரைப் பார்த்து, எல்லாப் பணத்தையும் கட்டிவிடுகிறோம், ராஜினாமாவை வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள் என்று கேட்டார். வங்கியின் பெயரும் கெடாது, பணமும் வந்துவிடும். பல வங்கிகளில் இப்படி முடிந்த கதைகள் உண்டு. அப்படிப் போனவர் வேறொரு நிதி நிறுவனத்தில் சுத்தமான பணிச்சான்றோடு சேர்ந்த கதைகளும் உண்டு. எவ்வளவு பணம் என்றே தெரியாதபோது எல்லாப் பணத்தையும் என்பதற்கு அர்த்தம் கிடையாது. கட்ட வந்த பணத்தை ரசீது போட்டு வாங்கினோம். அதற்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தற்காலிகப் பணிநீக்க உத்தரவு போனது.

எப்படி நடந்தது

முழுப் படமும் தெரியச் சில வாரங்கள் ஆயின. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இது நடந்திருக்கிறது.

தொடக்கம் சிறியது. அதிகாரி வீட்டுக்குத் தெரியாமல் பங்குச் சந்தையில் ஊக வர்த்தகம் செய்து நஷ்டப்பட்டிருந்தார். யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஒரு வாடிக்கையாளரின் டெபாசிட் பேரில் கடன் எழுதி, அடுத்த மாதமே கட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, கையாடல் செய்து சிறையில் இருந்தவர்களிடம் பேசி 1953-ல் வெளியிட்ட ஆய்வில் கண்டதும் இதுதான்: பிறரிடம் பகிர்ந்துகொள்ள முடியாத பணச் சிக்கல், அதைத் தீர்க்கும் வாய்ப்பு தன் பொறுப்பிலேயே இருப்பது, இது திருட்டு இல்லை, கைமாற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் நியாயம். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த அதிகாரி கிட்டத்தட்ட அதே சொற்களைத்தான் சொன்னார். "திருப்பி வைக்கத்தான் எடுத்தேன்."

செய்த முறை இப்படி. முதலில் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைக் கணினியில் மாற்றுவார். புது எண் அவரிடமே இருந்த ஒரு சிம். அதே நாளில் கடன் பதிவாகும். எச்சரிக்கைச் செய்தி அந்த சிம்முக்கு வரும். பணம் ஓர் உறவினர் பெயரில் இருந்த கணக்குக்குப் போய், அங்கிருந்து வெளியே போகும். அடுத்த நாள் பழைய எண் திரும்பிவிடும். விண்ணப்பத்தில் கையெழுத்து போலி. பிரச்சினை டெபாசிட் முதிரும்போது வரும். முதிர்வுக்கு முன் அந்தக் கடனை முடிக்க வேண்டும். அதற்கு இன்னொருவர் டெபாசிட் மேல் கடன், அதற்கு வட்டி கட்ட மூன்றாவது ஒருவர். யார் டெபாசிட் எந்தத் தேதியில் முதிரும், யார் எப்போது வருவார்கள் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தார். இப்படிச் சுழற்ற வேண்டும் என்றால் ஆள் தினமும் மேசையில் இருந்தாக வேண்டும். கிளை பாராட்டிய உழைப்பின் ஒரு பகுதி இதற்காக நடந்தது.

தேர்ந்தெடுத்தவர்களும் ஒரே மாதிரியானவர்கள்: தானாகப் புதுப்பிக்கச் சொன்னவர்கள், பிள்ளைகள் தொலைவில் இருப்பவர்கள், செயலியும் இணைய வங்கிச் சேவையும் பயன்படுத்தாதவர்கள், அவரையே முழுக்க நம்பியவர்கள்.

இரண்டாவது கையெழுத்து

ஒருவர் பதிவு செய்தால் வேறொருவர் அனுமதிக்க வேண்டும். அப்படியானால் இன்னொருவரும் சேர்ந்துதானே செய்திருக்க வேண்டும்? எங்களுக்கும் முதல் சந்தேகம் அதுதான். அனுமதி எல்லாம் சரிபார்ப்பு வேலையில் இருந்த ஒரு பெண் அதிகாரியின் ஐடியில் நடந்திருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலாண்டு முடிவில் கூட்டம் அதிகமாக இருந்த நாளில், "நீங்களே போட்டுக்கோங்க சார்" என்று அவர் தன் பாஸ்வேர்டைச் சொல்லியிருக்கிறார். பிறகு அது பழக்கமாகிவிட்டது. பாஸ்வேர்ட் மாறும்போதெல்லாம் புதியதையும் சொல்லிவிடுவார். பணத்தில் அவருக்கு எந்தப் பங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய ஐடியில் கடன்கள் அனுமதியான சில நேரங்களில் அவர் உணவு இடைவேளையில் வெளியே இருந்தது கேமராப் பதிவில் தெரிந்தது.

அவரைப் பற்றிக் குழுவில் ஒருமித்த கருத்து வரவில்லை. பாஸ்வேர்டைக் கொடுத்ததே குற்றம், அது இல்லாமல் மோசடியே இல்லை என்றார்கள் சிலர். மூன்று கவுன்ட்டர்களுக்கு ஒரே ஒரு சரிபார்ப்பவரை வைத்துவிட்டு, ஒவ்வொரு பதிவையும் படித்துப் பார் என்று சொன்ன வங்கியின் பங்கையும் எழுத வேண்டும் என்றோம் மற்றவர்கள். அறிக்கையில் இரண்டுமே எழுதப்பட்டன. அவருக்குத் தண்டனை கிடைத்தது, ஆனால் வேலை போகவில்லை. இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

1995-ல் பேரிங்ஸ் வங்கி 82.7 கோடி பவுண்டு நஷ்டத்தில் கவிழ்ந்ததற்குச் சிங்கப்பூரில் ஒரே ஆள் வர்த்தகத்தையும் அதன் கணக்குத் தீர்வையும் சேர்த்துப் பார்த்ததைக் காரணமாகச் சொல்வார்கள். இந்தக் கிளையின் விதிப்புத்தகத்தில் பதிவு செய்வதும் அனுமதிப்பதும் பிரித்தே வைக்கப்பட்டிருந்தன. ஒரு பாஸ்வேர்ட் அவற்றைச் சேர்த்துவிட்டது.

முன்பே வந்த அறிகுறிகள்

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஓர் ஆண்டுக்கு முன்பே ஒரு வாடிக்கையாளர் எழுத்தில் புகார் கொடுத்திருந்தார். அன்று எண்ணை மாற்றாமலே கடன் பதிவானதால், தான் வாங்காத கடனுக்கு அவருக்கே செய்தி போயிருந்தது. புகார் தலைமை அலுவலகத்துக்குப் போய், விதிப்படி கிளைக்குத் திரும்பி, கிளையில் சம்பந்தப்பட்ட மேசைக்கு வந்தது. அதாவது அந்த அதிகாரிக்கே. கணினிக் கோளாறு, சரிசெய்யப்பட்டது என்று அவர் பதில் எழுதினார். கடனையும் அன்றே முடித்துவிட்டார். குறித்த காலத்துக்குள் தீர்க்கப்பட்ட புகார் என்று அது பதிவானது. புகார் கொடுத்தவரை வங்கியிலிருந்து வேறு யாரும் ஒருமுறைகூடக் கூப்பிட்டுப் பேசவில்லை.

தணிக்கையும் நடந்துகொண்டுதான் இருந்தது. தணிக்கையாளர் கடன் கோப்புகளைப் பார்த்திருக்கிறார். விண்ணப்பம் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று குறித்திருக்கிறார். மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடவில்லை. பெரிய தொகைகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்ததால் இந்தச் சிறு கடன்கள் பெரும்பாலும் அவர் கைக்கே வரவில்லை.

இளைய எழுத்தர் ஒருவர், எண் மாற்றும் வேலையை மட்டும் அந்த அதிகாரி யாரிடமும் விடுவதில்லை என்று கவனித்திருந்தார். பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லியும் இருக்கிறார். மேலே சொல்லத் தைரியம் வரவில்லை. "அவரைப் பத்தி நான் சொன்னா யார் நம்புவாங்க?" என்று எங்களிடம் கேட்டார். மோசடித் தடுப்பு வல்லுநர்களின் சர்வதேசச் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கைகளில், பணியிட மோசடிகளில் ஏறக்குறைய 40 சதவீதமோ அதற்கு மேலோ யாராவது கொடுத்த தகவலால்தான் வெளியே வருகின்றன என்று தொடர்ந்து காண்கிறார்கள்; அதில் ஏறக்குறைய பாதி ஊழியர்களிடமிருந்து. இங்கே ஊழியருக்குத் தெரிந்திருந்தது. சொல்ல இடம்தான் இல்லை.

வாடிக்கையாளர்களை அணுகியது

பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க அந்தக் கிளையின் டெபாசிட்காரர் எல்லாரிடமும் நேரடியாக இருப்பைச் சரிபார்க்க முடிவு செய்தோம். கணினியில் உள்ள கைபேசி எண்களை நம்ப முடியாது. அதனால் கணக்கு தொடங்கியபோது கொடுத்த முகவரிக்குக் கடிதம். முதியவர்கள் வீட்டுக்கு வேறு கிளை ஊழியர்கள் இரண்டிரண்டு பேராக நேரில். கிளைக்கு வரச்சொல்லிக் கூட்டம் சேர்க்கவில்லை. உங்கள் பணம் பாதுகாப்பாக இருக்கிறது, வங்கி அதற்குப் பொறுப்பு என்ற வாக்கியத்தை முதலில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தனுப்பினோம்.

நாற்பதுக்கும் மேற்பட்ட டெபாசிட்டுகள் இப்படிக் கையாளப்பட்டிருந்தன. சிலர் நம்பவே மறுத்தார்கள். அந்த அதிகாரி நல்லவர், நீங்கள்தான் ஏதோ தப்பு செய்கிறீர்கள் என்று சண்டை போட்டவரும் உண்டு. கோபப்பட்டவர்களைவிட இவர்களிடம் பேசுவது கடினமாக இருந்தது.

விளைவு

வாடிக்கையாளர் எல்லாருக்கும் வட்டியோடு முழுப் பணமும் கிடைத்தது. அதிகாரி பணிநீக்கம் செய்யப்பட்டார். காவல்துறையில் புகார் கொடுத்து வழக்கு நடக்கிறது. பணத்தில் ஒரு பகுதிதான் மீண்டது. ஊழியர் செய்யும் மோசடி நஷ்டத்துக்கு ஈடு தரும் ஊழியர் நம்பகக் காப்பீட்டில் கோரியதில் முழுத்தொகை கிடைக்கவில்லை. பாஸ்வேர்ட் பகிர்வு விதிமீறல் என்று காப்பீட்டு நிறுவனம் கழித்துக்கொண்டது. மேலாளர் மாற்றப்பட்டார். மாற்று அதிகாரிக்கு ஒரு பாராட்டுக் கடிதம் போனது.

மாறியவை, மாறாதவை

கைபேசி எண் மாறினால் பழைய எண்ணுக்கும் செய்தி போகிறது. மாறிய பிறகு சில நாள் வரை கடனோ பெரிய பணமாற்றமோ நடக்காது. டெபாசிட் கடன் டெபாசிட்காரரின் சொந்தக் கணக்குக்கு மட்டுமே போகும். சரிபார்ப்பவர் விரல்ரேகை வைத்தால்தான் அனுமதி. எண் மாற்றமும் கடனும் அடுத்தடுத்து வரும் கணக்குகளின் பட்டியல் மாதாமாதம் கிளைக்குப் போகாமல் ஆய்வுத் துறைக்கு வருகிறது. முதல் பட்டியலிலேயே வேறு கிளைகளிலிருந்து விளக்கம் கேட்க வேண்டிய சில பதிவுகள் இருந்தன. அவை முறையான காரணத்தோடு நடந்தவை என்று தெரிந்தது. நான் செய்யவில்லை என்று வாடிக்கையாளர் சொல்லும் எந்தப் புகாருக்கும் இனி அந்தக் கிளை பதில் எழுத முடியாது. வெளியிலிருந்து ஒருவர் அவரைக் கூப்பிட்டுப் பேசிய பிறகே புகார் முடியும். என்னைக் கேட்டால் எல்லா மாற்றங்களிலும் இதுதான் முக்கியம், செலவும் இதற்கே குறைவு.

ஊழியர்கள் பெயர் சொல்லாமல் தகவல் தர ஓர் எண் வைக்கப்பட்டது. அதற்கு வரும் அழைப்புகளை மனிதவளத் துறை எடுக்கிறது. குழு கேட்டது தணிக்கைக் குழுவுக்கு நேராகப் போக வேண்டும் என்று. அது ஏற்கப்படவில்லை.

சரிபார்க்கும் அதிகாரிகளின் எண்ணிக்கை கூடவில்லை. விரல்ரேகை வந்ததால் பாஸ்வேர்டைக் கொடுக்க முடியாது. ஆனால் கூட்ட நேரத்தில் திரையைப் படிக்காமலே விரலை வைத்துவிட்டுப் போக முடியும், சில கிளைகளில் அப்படித்தான் நடக்கிறது என்று அடுத்த சுற்று ஆய்வில் பார்த்தோம். கட்டாய விடுப்பிலும் சிக்கல் தீரவில்லை. இரண்டே அதிகாரிகள் உள்ள சிறு கிளைகளுக்கு வெளியிலிருந்து ஆள் அனுப்பச் செலவாகிறது என்று மண்டல அலுவலகங்கள் விலக்குக் கேட்கின்றன. விலக்குக் கொடுக்கக் கூடாது, அந்தக் கிளைகளுக்கென்றே மாற்று அதிகாரிகளின் சிறு குழு ஒன்றை நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை.